பின் சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். இல்லாதவர்கள், வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

நெடுஞ்சாலையில் முன்னால் போகிற பழைய லாரியோ பஸ்ஸோ கோணலாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். போகிற திசை நேர்தான். ஆனால் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கி, நண்டு நடப்பதுபோல உடம்பைச் சாய்த்துக்கொண்டு போகும். அந்த வண்டியில் பெரும்பாலும் பின் அச்சு இடம் மாறியிருக்கும். ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் ஒடிந்தாலோ, யு-போல்ட் தளர்ந்தாலோ அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

லாரியில் கண்ணுக்குத் தெரிகிற இதே கோளாறு நம் கார்களிலும் வருகிறது. அளவு சிறியது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் வேலை பார்த்த பிறகு வருவது அதிகம். வேலை முடிந்ததும் "வீல் அலைன்மென்ட் பார்த்தாச்சு சார்" என்று பில்லைக் கொடுப்பார்கள். எத்தனை சக்கரத்துக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் முன் இரண்டுக்கு மட்டும்தான் பார்த்திருப்பார்கள். "பின்னால அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது சார்" என்று பதில் வரும்.

இதைப் பற்றி என் கருத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கமோ பின்பக்கமோ, சஸ்பென்ஷனில் கைவைத்த எந்தக் காரையும் நான்கு சக்கரங்களும் அளக்கப்பட்ட தாள் கையில் இல்லாமல் பட்டறையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. அட்ஜஸ்ட்மென்ட் இல்லாத காராக இருந்தாலும் இதே விதிதான். ஏன் என்று சொல்கிறேன்.

முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்பது நம் ஊர்ப் பழமொழி. காரில் கதை தலைகீழ். பின் சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ, அந்தத் திசையில்தான் வண்டி போக விரும்பும். முன் சக்கரங்களை ஸ்டியரிங்கால் திருப்பிக்கொள்ளலாம். பின் சக்கரங்களைத் திருப்ப நம் கையில் ஒன்றும் இல்லை. அதனால் முறைப்படி அலைன்மென்ட் செய்கிறவர்கள் முதலில் பின் சக்கரங்களைச் சரிசெய்து, அந்தத் திசையை ஆதாரமாக வைத்துக்கொண்டு பிறகுதான் முன் சக்கரங்களுக்கு வருவார்கள்.

இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது 'டோ'. நேராக நின்றுகொண்டு கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி பாதங்களை உள்பக்கம் திருப்புங்கள். அது டோ-இன். வெளிப்பக்கம் திருப்பினால் டோ-அவுட். சக்கரங்களுக்கும் அதேதான். இரண்டாவது 'கேம்பர்'. சக்கரத்தின் மேல்பாகம் வண்டிக்கு உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருப்பது. டயரை வேகமாகத் தின்பதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. அதிலும் டோ பொல்லாதது.

எவ்வளவு பொல்லாதது என்று கணக்குப் போடுவோம். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆகச் சிறிய கோடு ஒரு டிகிரி. பின் சக்கரங்கள் இரண்டும் தலா அரை டிகிரி, அதாவது அந்தச் சிறு கோட்டில் பாதி, வெளிப்பக்கம் பார்க்கின்றன என்று வைப்போம். ஒவ்வொரு சக்கரமும் தான் பார்க்கிற திசையில் உருள விரும்புகிறது. வண்டியோ அதை நேராக இழுத்துப் போகிறது. கணக்குப்படி, 1 கிலோமீட்டர் ஓடும்போது டயர் 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு பின் டயரும் சுமார் 1.4 கிலோமீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். 10,000 கிலோமீட்டர் ஓடினால் 87 கிலோமீட்டர். தார்ச்சாலை என்பது உப்புத்தாள். அதில் 87 கிலோமீட்டர் தேய்த்தால் ரப்பர் என்ன ஆகும்?

இந்த அரை டிகிரியை மில்லிமீட்டரில் சொன்னால், 14 அங்குல ரிம்மில் ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஏறத்தாழ 3 மி.மீ. வித்தியாசம். எந்த அனுபவசாலியின் கண்ணுக்கும் இது நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்து மேஸ்திரிகள் வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி, நூலிலிருந்து ரிம்முக்கு ஸ்கேல் வைத்து அளப்பார்கள். அவர்களும் கண்ணை நம்பவில்லை, அளவைத்தான் நம்பினார்கள். 'நூல் பிடித்தாற்போல' என்று நாம் சொல்வது சும்மா இல்லை.

அடுத்தது இந்தப் பதிவில் முக்கியமான இடம். அலைன்மென்ட் தாளில் இடது பின் சக்கரத்துக்கு ஒரு டோ அளவும் வலது பின் சக்கரத்துக்கு ஒரு டோ அளவும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் வருவது டோட்டல் டோ. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் வருவது திரஸ்ட் ஆங்கிள். கூட்டல் டயர் தேய்மானத்தைச் சொல்கிறது. கழித்தல் வண்டி போக விரும்பும் திசையைச் சொல்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

உதாரணம் ஒன்று. இடது சக்கரம் 20 நிமிடம் உள்ளே பார்க்கிறது, வலது சக்கரம் 20 நிமிடம் வெளியே பார்க்கிறது. இங்கே நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கூட்டினால் பூஜ்யம். "டோட்டல் டோ ஓகே சார்" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், இரண்டு சக்கரங்களும் வலப்பக்கம் பார்க்கின்றன. பின்புறம் வலப்பக்கம் ஒதுங்கும், வண்டியின் மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். நேராகப் போக ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டும். 2400 மி.மீ. வீல்பேஸ் உள்ள சிறு காரில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள விலகல் 14 மி.மீ.தான். பின்னால் வருகிறவருக்கும் தெரியாது.

உதாரணம் இரண்டு. இரண்டு சக்கரங்களும் தலா 30 நிமிடம் வெளியே பார்க்கின்றன. கழித்தால் பூஜ்யம். வண்டி நூல் பிடித்தாற்போலப் போகும், ஸ்டியரிங் நடுவில் நிற்கும், ஓட்டுகிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் பின் டயர் இரண்டும் மேலே போட்ட கணக்குப்படி தேய்ந்துகொண்டிருக்கும். ஸ்டியரிங் நேராக இருக்கிறது, அதனால் அலைன்மென்ட் சரி என்கிற வாதம் இங்கேதான் உடைகிறது.

முதல் உதாரணத்து வண்டிக்கு முன் சக்கரம் மட்டும் பார்க்கிற கடையில் என்ன செய்வார்கள்? ஸ்டியரிங் கோணலாக இருக்கிறது என்று டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வாடிக்கையாளருக்குத் திருப்தி. கோளாறு பின்னால் அப்படியே இருக்கும். அதைக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளத்தையும் அழித்தாயிற்று.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்வதும் நியாயம். அம்பாசிடரிலும் பத்மினியிலும் பின்னால் ஒரே கட்டியான அச்சு, அதன் கீழே ஸ்பிரிங் பட்டை. அச்சு வளைந்தாலோ நகர்ந்தாலோ ஒழிய அங்கே டோ மாறாது, திருகிச் சரிசெய்யவும் வழி இல்லை. முன்னால் மட்டும் பார்த்தது அந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளிடம் தொழில் கற்றவர்கள் அதையே தொடர்கிறார்கள். வண்டி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

இன்றைய கார்களை இரண்டு வகையாகப் பாருங்கள். ஸ்விஃப்ட், ஐ20, போலோ போன்றவற்றில் பின்னால் டார்ஷன் பீம். இரண்டு கைகளைக் குறுக்கே ஒரு முறுக்குக் கட்டை இணைத்ததுபோல இருக்கும். இவற்றில் பொதுவாகத் திருகிச் சரிசெய்ய இடம் இல்லை. எக்ஸ்யூவி 500, எக்ஸ்யூவி 700 போன்றவற்றில் மல்டி-லிங்க். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பல கைகள் பிடித்திருக்கும். இந்த வகையில் டோவைச் சரிசெய்ய ஒரு கேம் போல்ட்டோ நீளம் மாற்றக்கூடிய ஒரு கையோ இருக்கும்.

மல்டி-லிங்க் வண்டியில் புஷ் மாற்றவோ கை மாற்றவோ அந்தக் கேம் போல்ட்டைக் கழற்றினால், பழைய அளவு அந்தக் கணமே போய்விட்டது. அதன் வாஷரில் துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். கொஞ்சம் திருப்பினாலும் கை நகர்ந்து சக்கரத்தின் திசை மாறும். நல்ல மெக்கானிக் கழற்றுவதற்கு முன் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்வார். அந்தக் கோடு வண்டியை அலைன்மென்ட் மேடை வரை கொண்டுபோகத்தான் உதவும். புதுப் பாகம் போட்ட பிறகு பழைய கோடு சரியான அளவைத் தராது. அளந்துதான் ஆக வேண்டும்.

டார்ஷன் பீம் வண்டிக்கு வருகிறேன். அட்ஜஸ்ட்மென்ட் இல்லாததை எதற்கு அளக்க வேண்டும்? தெர்மாமீட்டர் காய்ச்சலைக் குறைக்காது. அதற்காக யாரும் குழந்தையின் வாயில் வைத்துப் பார்க்காமல் இருக்கிறோமா? திருகிச் சரிசெய்ய முடியாத இடத்தில் அளவு தவறாக இருந்தால், ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். பீம் வளைந்திருக்கலாம், சக்கரம் மாட்டும் தண்டு வளைந்திருக்கலாம், பீமின் புஷ் கிழிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அளவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

என் தங்கை மகன் காரில் நடந்ததும் இதுதான். இரவில் ஒரு பாலத்து முனையில் இடது பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் மாற்றினார்கள். பில்லில் அலைன்மென்ட் என்றும் ஒரு வரி இருந்தது, அளவுத் தாள் கிடையாது. ஏழு மாதம் கழித்துப் பின்னால் 'ஊங்' என்று ஒரு சத்தம். பேரிங் என்று சொல்லி பேரிங் மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. கடைசியில் பஞ்சர் கடைத் தம்பிதான் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினான். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல டயர். உள் விளிம்பில் நூல் தெரிகிறது. இரண்டு பின் டயரிலும் தேய்மானம், இடதில் அதிகம். வேறு இடத்தில் நான்கு சக்கரமும் அளந்தபோது இடது பின் சக்கரத்தின் டோவும் கேம்பரும் சிவப்பில் நின்றன. பீம் வளைந்திருந்தது. அந்த ஏழு மாதமும் கைக்குழந்தையோடு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மாதம் இரண்டு முறை போய்வந்திருக்கிறார்கள்.

டயர் செலவை நான் பெரிதாகச் சொல்லவில்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம். நூல் தெரிகிற டயர் வேகத்தில் வெடிக்கும். பின் டயர் வெடித்தால் ஸ்டியரிங்கால் சமாளிப்பது கடினம். வெடிக்காவிட்டாலும், பின் சக்கரங்கள் வெளியே பார்க்கிற வண்டி மழையில் பிரேக் பிடிக்கும்போதும், திடீரென்று ஒதுக்கும்போதும் பின்பக்கத்தை வீசும். பெரும்பாலான கார்களுக்குப் பின் சக்கரம் சற்று உள்ளே பார்க்கும்படி கம்பெனியே அளவு கொடுத்திருப்பது இதற்காகத்தான். பின் இருக்கையில் யார் உட்கார்ந்து வருகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எதிர்வாதங்களையும் கேட்போம். "ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் அலைன்மென்ட் என்று காசு பிடுங்குகிறார்கள், நீங்கள் வேறு கிளப்பிவிடுகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டயர் சமமாகத் தேய்கிறது, வண்டி இழுக்கவில்லை, எங்கும் இடிக்கவில்லை என்றால் சடங்குபோல அடிக்கடி செய்யத் தேவையில்லை. நான் சொல்வது சஸ்பென்ஷனில் பாகம் கழற்றிய வண்டிக்கு, பெரிய பள்ளத்தில் இடித்த வண்டிக்கு, டயர் ஓரமாகத் தேயும் வண்டிக்கு. அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. அதேபோல வண்டி ஒரு பக்கம் இழுப்பதெல்லாம் அலைன்மென்ட் கோளாறு ஆகிவிடாது. காற்று குறைந்த டயரும் பிடித்துக்கொண்ட பிரேக்கும்கூட இழுக்கும். முதலில் காற்றைப் பாருங்கள். இன்னொன்று, வீல் பேலன்சிங் வேறு, அலைன்மென்ட் வேறு. பேலன்சிங் சக்கரத்தின் எடை சமநிலை, அலைன்மென்ட் சக்கரத்தின் திசை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றையும் செய்ததாக நினைக்காதீர்கள்.

"மெக்கானிக்கை நம்பாமல் எப்படி?" என்பது இன்னொரு கேள்வி. நம்புங்கள். என்னிடம் படித்தவர்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் பலர், கை சுத்தமானவர்கள். ஆனால் பரீட்சைத் தாளில் வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடையாது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். விடை தப்பு என்பதால் இல்லை, எப்படி வந்தது என்று தெரியாது என்பதால். 'அலைன்மென்ட் ஓகே' என்பது விடை. அளவுத் தாள் வழிமுறை. அந்தத் தாள் வாடிக்கையாளரைக் காப்பாற்றுகிற அளவுக்கு மெக்கானிக்கையும் காப்பாற்றும். நாளைக்கு டயர் தேய்ந்தால், தான் சரியாகச் செய்ததற்கு அவரிடம் ஆதாரம் இருக்கும்.

பட்டறைக்குப் போகும்போது இந்த ஆறையும் நினைவில் வையுங்கள்.

1. வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நான்கு சக்கரமும் அளக்க வேண்டும், வேலைக்கு முன் அளவு, வேலைக்குப் பின் அளவு, இரண்டும் உள்ள தாள் வேண்டும்."

2. அளக்கும் முன் நான்கு டயரிலும் சரியான காற்று இருக்க வேண்டும். பேரிங், பால் ஜாயின்ட், புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் உள்ள வண்டியில் அளந்த அளவு நிற்காது.

3. ரப்பர் புஷ் மாற்றினால், அதன் போல்ட்டை வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும் நிலையில் கடைசி முறுக்கு முறுக்கச் சொல்லுங்கள். லிப்ட்டில் சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நிற்கும். சீக்கிரம் கிழியும், அளவும் மாறும்.

4. மெஷினில் உங்கள் காரின் மாடலையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்தார்களா என்று பாருங்கள். வேறு மாடலின் அளவில் பச்சை காட்டினால் அதற்குப் பொருள் இல்லை.

5. தாளில் பின் சக்கரத்தின் இடது டோ, வலது டோ, கேம்பர், திரஸ்ட் ஆங்கிள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில மெஷின் டிகிரி-நிமிடத்தில் காட்டும், சில தசமத்தில் காட்டும். 30 நிமிடம் என்றால் 0.50 டிகிரி. 0.30 டிகிரி என்றால் 18 நிமிடம்தான். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

6. பின்னால் சிவப்பு வந்து, "இதுல அட்ஜஸ்ட்மென்ட் இல்ல" என்றால், "சரி, எந்தப் பாகம் வளைந்திருக்கிறது?" என்பதுதான் அடுத்த கேள்வி. முன்னால் திருகி ஸ்டியரிங்கை நேராக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. மாதம் ஒரு முறை, வண்டி ஆறிய பிறகு, பின் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே இரண்டு பக்கமாகவும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல்போல உறுத்தல் என்றால் டோவில் சந்தேகம். டார்ச் அடித்து உள் விளிம்பையும் பாருங்கள். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.தான் மிச்சம். அது சட்டப்படி கடைசி எல்லை.

பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை நீங்களே பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். "எதுக்கு எக்ஸ்ட்ரா காசு, சீக்கிரம் வண்டியக் குடு" என்று உங்களை அவசரப்படுத்துகிறவர்களும் நம் ஆட்கள்தான் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வரப்போகிறவர்கள், இந்த வருடம் சஸ்பென்ஷன் வேலை பார்த்திருந்தால், கிளம்புவதற்கு முன் ஒரு முறை அளந்துவிடுங்கள். தாளில் உள்ள எண்கள் புரியவில்லை என்றால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொல்கிறேன்.